பின்னறையில் இடமில்லை

குளியலறையில் சோப்பு ஈரமாக இருந்தது.

கை கழுவலாம் என்று உள்ளே போனவள், குழாயைத் திருகிய பிறகுதான் தெருவோரத்துத் தண்ணீர் வால்வைத் தானே அடைத்துவிட்டுப் போனது நினைவுக்கு வந்து, தன் மறதியை நொந்துகொண்டே சோப்புப் பெட்டியில் கை வைத்தாள். விரல் வழுக்கியது. பச்சை சோப்பு, நடுவில் தேய்ந்து வளைந்தது. அதன் அடிப்பக்கம் குழைந்து, யாரோ இப்போதுதான் முகம் கழுவிவிட்டு வைத்ததுபோல மெல்லிய நுரையோடு பெட்டியின் ஓட்டைகள் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை. காற்றுதான் உஸ்ஸென்று வந்து நின்றது.

மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடு. ஈரம் ஏறியிருக்கும், வேறென்ன? அப்படிச் சொல்லிக்கொண்டு விரல்களைத் துப்பட்டாவில் துடைத்தாள். துடைத்த இடத்தில் சோப்பு மணத்தது.

வீடு பெரியம்மாவுடையது. அம்மாவுக்கு மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளாமல், தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்று, இந்த வீட்டில் தனியாகவே இருந்துவிட்டுப் போனவர். யார் போனாலும் ஹாலோடு சரி. உட்காரச் சொல்வார், டீ கொடுப்பார், டம்ளர் காலியானதும் எழுந்து நிற்பார். அதற்கு மேல் யாரும் அங்கே இருந்ததில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "வீட்டை உன் பேருக்கு எழுதிட்டேன்" என்றார். ஏன் எனக்கு, அண்ணன் இருக்கிறானே என்று இவள் தடுமாறியதற்கு, "நீ சத்தம் போடாத பொண்ணு. அதான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சத்தம்தான் இவளுடைய தொழில். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் காது கேட்கும் திறனைச் சோதிப்பவள். வருகிறவரைக் கண்ணாடிப் பெட்டி மாதிரியான அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பாள். சத்தம் கேட்டால் அழுத்தவேண்டும். சிலர் இவள் எதுவும் அனுப்பாதபோதும் அழுத்துவார்கள். "இப்ப சத்தமே வரலைங்க, அது உங்க நினைப்பு" என்பாள் பொறுமையாக. நாளைக்குப் பத்து தடவையாவது சொல்கிற வாக்கியம்.

வீடு கிடைத்தவளுக்கு என்ன கவலை என்று ஆஸ்பத்திரியில் கேலி பண்ணினார்கள். அவர்களுக்கென்ன தெரியும்? இவள் குடியிருக்கும் மாடிப் போர்ஷனை வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார், அவர் மகனுக்குக் கல்யாணம். கணவனிடமிருந்து பிரிந்து வந்தபோது அட்டைப்பெட்டியில் கட்டியதில் பாதியை இவள் இன்னும் பிரிக்கவே இல்லை. மீதியையும் இப்போது கட்டியாகிவிட்டது. போகவேண்டிய வீடோ இவளை உள்ளே விடுவதாக இல்லை. வரியைப் பேர் மாற்றப் போனால் கரண்ட் ரசீது உங்கள் பேரில் இருக்கிறதா என்றார்கள். கரண்ட் ஆபீசுக்குப் போனால் வரி ரசீதைக் கொண்டுவாங்க, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். தண்ணீர் இணைப்புக்கு இரண்டும் வேண்டும். காப்பீட்டுக்காரன் மூன்றும் வேண்டும் என்றான். லீவு போட்டுப் போட்டு, லீவும் தீர்ந்தது.

அதற்கு மேல் அண்ணன். வேறு ஊரில் இருந்துகொண்டு போனிலேயே வீடு கட்டிக் குடிபுகுந்துவிடுகிறவன்.

"பாப்பா, முதல்ல பூட்டை மாத்துனியா?"

நாற்பது தாண்டியும் அவனுக்கு இவள் பாப்பாதான்.

"பேர் மாத்தணும்ண்ணா முதல்ல."

"பேர் எங்க ஓடியா போகுது? பெரியம்மா யார் யார்கிட்ட சாவி கொடுத்து வெச்சிருந்தாங்களோ. வீடு கைக்கு வந்தா பூட்டுதான் முதல்ல. எனக்கு வந்திருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பேன்."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் போன் பண்ணியிருப்பான் என்று இவளுக்குத் தோன்றும். போனை வைத்துவிடுவாள்.

நகராட்சி அலுவலகத்தில் வரிப் பிரிவில் ஒரு மனிதர். வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதுகிற ஆய்வாளர். இவளை நிற்கவைத்தே பேசினார்.

"ஆள் இல்லாத வீடுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க மேடம். நான் நேர்ல போனேன். ஆள் இருக்கு."

"எந்த வீட்டுக்குப் போனீங்க சார்?"

"நீல கேட்டு. பக்கத்துல தையல் கடை. அதுதானே?"

"அதுதான். ஆனா அங்க யாரும் இல்லையே. சாவி என்கிட்டதான் இருக்கு."

"அப்ப கதவைத் திறந்தது யாரு, நானா?" என்றார் அவர். "ஒரு அம்மா. முழுசாக்கூடத் திறக்கல, இவ்வளவுதான்." உள்ளங்கை அகலத்தைக் காட்டினார். "உள்ள ஒரே இருட்டு. எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேட்டேன். 'இருக்கோம்'னாங்க. எத்தனை பேர்னு மறுபடி கேட்டேன். மறுபடியும் 'இருக்கோம்'. அப்புறம் சாத்திட்டாங்க. மரியாதை தெரியாத ஜனங்க."

இவளுக்குப் பயம் வரவில்லை. அந்த நேரத்தில் வந்ததெல்லாம் எரிச்சல்தான். யாரோ பூட்டை உடைத்து நுழைந்து குடித்தனம் நடத்துகிறார்கள். இவள் இங்கே வரிசையில் நின்று கால் வீங்குகிறாள்.

"சரி சார், இப்ப நான் என்ன பண்ணணும்?"

"மறு ஆய்வுக்கு எழுதிக் கொடுங்க. குடியிருக்கறவங்க கையெழுத்தோட."

"இல்லாதவங்க எப்படி சார் கையெழுத்து போடுவாங்க?"

"நாங்க இல்லைன்னு அவங்க எழுதிக் கொடுத்தா போதும் மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்த்தார்.

அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள். ஒரு காவலரை அனுப்பினார்கள். வயிறு பெருத்த, தூக்கக் கலக்கமான மனிதர். பூட்டு உடைக்கப்படவில்லை. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. ஹாலில் பெரியம்மாவின் ஒடுக்கமான கட்டில். அதன் அடியில் டார்ச் அடித்தார். சமையலறைப் பரணில் அடித்தார். நீளமான நடையைத் தாண்டி, கடைசியில் இருக்கும் பின்னறைக்குப் போனார். வீட்டிலேயே பெரிய அறை அதுதான். மேற்குப் பார்த்த ஜன்னல், நல்ல காற்று. ஆனால் பெரியம்மா அதில் ஒரு பாய்கூடப் போட்டு வைக்கவில்லை. சுவரில் ஒரு ஆணி கிடையாது. மூலையில் ஒரு துடைப்பம் கிடையாது. துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது.

காவலர் உள்ளே இரண்டு எட்டு வைத்தார். சட்டென்று தோளை ஒடுக்கிக்கொண்டு, "சாரி" என்றார்.

பஸ்ஸில் இடித்துவிட்டால் சொல்கிற மாதிரி, யோசிக்காமல் வந்த சாரி. உடனே தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார். டார்ச்சை அணைத்துவிட்டு, "யாரும் இல்லம்மா. பூட்டை மாத்திடுங்க" என்று சொல்லி, கொஞ்சம் வேகமாகவே வெளியே போனார்.

ஆக, அண்ணன் ஜெயித்தான்.

பூட்டுக்காரர் மறுநாள் காலையில் வந்தார். தாடி வைத்த, பேச்சுத் துணையில்லாமல் வேலை செய்யத் தெரியாத மனிதர். கதவுக்கு வெளிப்பக்கம் நின்று பழைய பூட்டைக் கழற்றிப் போட்டு, புதியதைப் பொருத்திக்கொண்டிருந்தார். கதவு ஆடாமல் இருக்க இவள் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுவில் அண்ணனின் போன் வந்தது. கேட்டுக்கு வெளியே போய், பூட்டில் எந்த வகை நல்லது, எந்த வகை ஏமாற்று என்ற முழுப் பாடத்தையும் கேட்டு முடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது.

"அதுக்குள்ளயா?"

"பிடிக்க ஆள் இருந்தா எவ்வளவு நேரம் ஆகப்போகுதுக்கா? நீங்க போனதும் அந்தம்மா உள்ளேருந்து பிடிச்சுக்கிட்டாங்க. நல்ல பலம். கதவு அசையவே இல்ல." திருப்புளியைப் பையில் போட்டபடி இரண்டு சாவிகளை இவள் கையில் வைத்தார். "இந்தாங்க."

பூட்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் மூன்று சாவி என்று போட்டிருந்தது.

"இன்னொண்ணு?"

"உள்ள கேட்டாங்களே. கொடுத்துட்டேன்."

"யார் கேட்டாங்க?"

"கதவு இடுக்கு வழியா கையை நீட்டினாங்க, கொடுத்தேன். உங்க அம்மாதானே?" அவர் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கை ரொம்ப சில்லுனு இருந்துச்சுக்கா. உடம்பு சரியில்லையா அவங்களுக்கு?"

பூட்டுக்காரர் போன பிறகு இவள் வாசலிலேயே நின்றாள். பகல் வெயில். தையல் கடையில் மெஷின் ஓடும் சத்தம். ஒரு சைக்கிள் போயிற்று. காசு கொடுத்து, வேலைக்கு ஆள் வைத்து, புதுப் பூட்டின் சாவியை வீட்டுக்குள் இருக்கும் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. சிரிப்பு வந்தது. அழுகையும் அதன் பின்னாலேயே வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "யாரா இருந்தாலும் வெளிய வாங்க!" என்று கத்தியபடி உள்ளே நுழைந்தாள்.

ஹாலில் யாருமில்லை. சமையலறையில் யாருமில்லை. குளியலறைக் கதவை உதைத்துத் திறந்தாள். அலமாரியைத் திறந்து பெரியம்மாவின் துணிகளையெல்லாம் தரையில் இழுத்துப் போட்டாள். பூச்சி உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. யாருமில்லை. பின்கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. யாரும் வெளியேயும் போகவில்லை.

அப்போது, கோபத்தோடு கோபமாக, தொழில்புத்தியில் ஒரு காரியம் செய்தாள். ஒரு அறை காலியாக இருக்கிறதா, சாமான் நிறைந்திருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிட முடியும். காலி அறையில் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். துணியும் மெத்தையும் மனிதர்களும் இருக்கும் அறையில் சத்தம் திரும்பாது, அவை குடித்துவிடும். ஆட்கள் நிறைந்த காத்திருப்பு அறைக்கும் எல்லோரும் போன பிறகு இருக்கும் அதே அறைக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு மூச்சு விடுவதுபோலப் பழக்கம்.

ஹாலில் விரலைச் சொடுக்கினாள். டக்கென்று தெறித்து வந்தது. நடையில் சொடுக்கினாள். சத்தம் ஓடிப்போய்த் திரும்பியது.

பின்னறை வாசலில் நின்று சொடுக்கினாள்.

சத்தம் திரும்பவில்லை.

இன்னும் பலமாகச் சொடுக்கினாள். வெற்றுச் சுவர், வெற்றுத் தரை, வெற்றுக் கூரை. கணீரென்று ஒலிக்கவேண்டிய அறை. தலையணைக்குள் சொடுக்கியதுபோல அமுங்கிப்போயிற்று. விரலுக்கு ஒரு சாண் தூரத்திலேயே எதிலோ பட்டு நின்றுபோயிற்று.

அது உங்க நினைப்பு என்றாள் தனக்குத் தானே. நாளைக்குப் பத்து தடவை சொல்கிற அதே குரலில். கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறினாள்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "பாப்பா, பிடிக்கலேன்னா நேராச் சொல்லு, வித்துடலாம். இப்படிக் கதை கட்டாதே" என்றான்.

"நான் ஏண்ணா கதை கட்டப்போறேன்?"

"வேணும்னா இங்க வந்து இரு. ரெண்டு நாள் இருந்துட்டுப் போ."

மாதக் கடைசிக்கு ஒரு வாரம் இருந்தது. ரெண்டு நாளாம். அதைக் கேட்டதும்தான் இவள் முடிவு செய்தாள். அது தன் வீடு. பூட்டுக்காரர் உளறியிருக்கிறார், ஆய்வாளர் வேறு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அறைக்குள் ஈரக்காற்று நின்றால் சத்தம் அமுங்கத்தான் செய்யும். வாசல் கதவுக்கு வெளியே ஒரு கொண்டி அடித்துப் பெரிய பூட்டாக ஒன்று தொங்கவிட்டாள். அந்தப் பூட்டின் சாவிகளைக் கடையிலேயே எண்ணி வாங்கிக்கொண்டாள். வெள்ளையடித்து, சாமானை இறக்கி, விளக்கைப் போட்டுவிட்டால் எந்த வீடும் வீடாகிவிடும்.

பெயின்டரோடு போன அன்று தொங்குபூட்டு போட்டது போட்டபடியே இருந்தது. திறந்தாள். புதுப் பூட்டையும் திறந்தாள். கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோள் கொடுத்துத் தள்ளினாள். உள்தாழ் போட்டிருந்தது.

பெயின்டர் பட்டி டப்பாக்களைக் கீழே வைத்துவிட்டு, "உள்ள ஆள் இருக்காங்களாக்கா? கூப்பிடுங்களேன்" என்றார்.

"யாரும் இல்ல."

"அப்புறம் தாழ் எப்படி..."

"யாரும் இல்லைன்னு சொல்றேன்ல!" கையால் கதவில் ஓங்கி அறைந்தாள். "இது என் வீடு! கேக்குதா? திற!"

தையல் கடையில் மெஷின் நின்றது.

உள்ளே, மிக மெதுவாக, தாழ்ப்பாள் நகர்ந்தது. இரும்பு இரும்பில் உரசிக்கொண்டே வந்து, கொஞ்சம் நின்று, மறுபடி நகர்ந்து, டொக்கென்று விழுந்தது. கதவு தானாக உள்ளங்கை அகலம் திறந்துகொண்டது. உள்ளேயிருந்து வந்த காற்று வெதுவெதுப்பாக, பல பேர் வெகுநேரம் மூடிய அறையில் உட்கார்ந்திருந்த பிறகு வரும் காற்றுபோல இருந்தது.

"பழைய மரம். மழையில உப்பியிருக்கு" என்றாள் பெயின்டரைப் பார்க்காமல். அவர் தலையாட்டினார். நம்பியதற்கான தலையாட்டல் இல்லை அது. வேலை இல்லாத நாள்கள் அவருக்கும் இருந்திருக்கும்.

ஹாலை இரண்டு நாளில் முடித்தார். சமையலறையை முடித்தார். சுவரை மட்டமாக்கும் பட்டி மாவைப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை அடித்தார். இவள் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் நேராக இங்கே வருவாள். பெயின்ட் வாசனையில் நெஞ்சு லேசாகும். பாருங்கள், எல்லாம் சரியாகிக்கொண்டு வருகிறது. ஹாலில் நின்றபடி அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"என்ன பாப்பா, ஒண்ணுமே கேக்கல. கொஞ்சம் வெளிய வந்து பேசு" என்றான் அவன்.

"இங்க சத்தமே இல்லையேண்ணா."

"விளையாடாதே. பின்னால அத்தனை பேர் பேசிக்கிட்டிருக்காங்க. யாரு அவங்கல்லாம்? குடிபோறதுக்கு என்னைக் கூப்பிடாம ஊரையே கூப்பிட்டுட்டியா?"

அவன் வருத்தத்தோடுதான் சொன்னான். நிஜமான வருத்தம். இவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள். எவ்வளவு சன்னமான சத்தத்தையும் பிடித்துவிடும் காது இவளுக்கு. ஒன்றுமில்லை. பெயின்டரின் உப்புத்தாள் பின்னறையில் சரக் சரக்கென்று போய்க்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

பெயின்டர் நடைக்கு வந்தார். முகமெல்லாம் வெள்ளைத் தூசு. வலது முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த ரூம் என்னால ஆகாது."

"ஏன்? பட்டி பூசியாச்சே. தேய்க்கிறதுதானே பாக்கி?"

"இடமில்லக்கா."

"என்ன இடமில்ல? காலி ரூமு!"

"அதான் எனக்கும் புரியல." சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினார். "கையை வீச முடியல. முழங்கை இடிக்குது. பின்னால ஒரு எட்டு வெச்சா காலை மிதிக்கிறேன்."

"யார் காலை?"

அவர் வாளியைக் கழுவக்கூட நிற்காமல் டப்பாக்களை அப்படியே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினார். பாக்கிக் கூலியைக்கூடக் கேட்கவில்லை.

நாளை சாமான் வண்டி வருகிறது. வீட்டுக்காரர் மகனின் கட்டில் மெத்தையெல்லாம் ஏற்கெனவே மாடிப்படியில் வந்து நிற்கிறது. இவள் நடையின் நடுவில் நின்றாள். ஆய்வாளர், காவலர், பூட்டுக்காரர், அண்ணன், பெயின்டர். ஆளாளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். போவதற்கு அவர்களுக்கெல்லாம் ஒரு இடம் இருக்கிறது.

"நானே தேய்ச்சுக்கறேன்" என்றாள் உரக்க. துப்பட்டாவை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனாள்.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலிருந்து ஆரம்பித்தாள். முகத்தைச் சுவருக்கு நேராக வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக. சரக். சரக். பட்டி மாவாக உதிர்ந்து கன்னத்தில், இமையில், கழுத்தில் விழுந்தது. உதடு உலர்ந்து சுண்ணாம்பு ருசித்தது. கோபம் கைக்கு நல்ல பலம் கொடுத்தது. ஆய்வாளரைத் தேய்த்தாள். அண்ணனைத் தேய்த்தாள். டீ டம்ளர் காலியானதும் எழுந்து நிற்கும் பெரியம்மாவைத் தேய்த்தாள். சுவர் வழுவழுவென்று வந்துகொண்டிருந்தது. சாயங்கால வெயில் இன்னும் ஜன்னலுக்கு இறங்கவில்லை. அறை தூசால் மங்கி, தன் கையே புகைக்குள் அசைவதுபோலத் தெரிந்தது.

இடதுபக்கம் நகர்ந்தாள். முழங்கை இடித்தது.

சுவர் என்று நினைத்தாள். அந்தப் பக்கம் சுவர் இல்லை.

தேய்த்தாள். மறுபடி இடித்தது. கெட்டியாக இல்லை. மெத்தென்று, உள்ளே வாங்கி, திரும்பத் தள்ளியது. துணிக்கு அடியில் இருக்கும் விலா.

திரும்பிப் பார்க்கக் கூடாது. இந்த ஒரு சுவரை முடித்துவிட்டால் போதும். முதுகுக்குப் பின்னால் சூடாக இருந்தது. கையை நீட்ட இடமில்லை. நாள் முழுக்க நின்ற கால், ஒரு வாரமாகத் தூங்காத கண், எல்லாம் சேர்ந்து எரிச்சல் உச்சிக்கு ஏறியது. நெரிசலான பஸ்ஸில் சொல்கிறதுபோல, அவளையும் அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"கொஞ்சம் நகருங்களேன்."

நகர்ந்தார்கள்.

முழங்கைக்கு இடம் கிடைத்தது. முதுகில் காற்று பட்டது. தரையில், பல பாதங்கள் ஒரே சமயத்தில் அரை எட்டு நகர்கிற சத்தம். சன்னமாக. இந்தத் தடவை அவளுக்குக் கேட்டது.

உப்புத்தாள் கையிலிருந்து விழுந்தது.

அது உங்க நினைப்பு. சொல்லப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

திரும்பினாள்.

யாருமில்லை. வெறும் அறை. வெறும் தூசு. மூச்சு வந்தது. ஒரு மூச்சு. அப்போது வெயில் ஜன்னலுக்கு இறங்கியது. கம்பிகளுக்கு நடுவே சரிந்து, அறை முழுக்க நீண்டு, நடைக் கதவு வரைக்கும் பாய்ந்தது. அதன் வெளிச்சத்தில் தூசு பொன்னாக மினுங்கியது. லட்சம் துகள்கள். மேலே போவதும் கீழே வருவதும் சுழல்வதும். கூரையை ஒட்டி, ஜன்னலை ஒட்டி, அவள் கையைச் சுற்றி.

சில இடங்களில் மட்டும் தூசு இல்லை.

அந்த இடங்கள் நீளமாக இருந்தன. மேலே உருண்டையாக. அதற்குக் கீழே அகலமாக. தரை வரைக்கும். ஒன்று. பக்கத்தில் ஒன்று. அதற்குப் பின்னால். அதற்கும் பின்னால். தோளோடு தோள். உயரமாகச் சில. குட்டையாகச் சில. சுவரிலிருந்து சுவர் வரைக்கும். கதவு வரைக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் நடையிலும்.

தூசு அவற்றின் ஓரத்தில் வந்து தொட்டு, வளைந்து, விலகிப் போயிற்று.

உருண்டைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பியிருந்தன. அவள் முகத்துக்கு எதிரே, ஒரு சாண் தூரத்தில், வாய் இருக்கவேண்டிய உயரத்தில், தூசு மெல்ல உள்ளே போயிற்று. நின்றது. வெளியே வந்தது. அதற்குப் பின்னால் இருந்ததிலும். அதற்குப் பின்னால் இருந்ததிலும். எல்லாம் ஒரே சீராக.

பிறகு அவை மறுபடியும் நகர்ந்தன. அவள் கேட்காமலே. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, பொறுமையாக, பழக்கப்பட்டவர்களைப் போல. கூட்டத்தின் நடுவில் ஒரு இடம் திறந்தது. அங்கே மட்டும் தூசு சுதந்திரமாக மிதந்து, வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் உயரம். அவள் அகலம்.